மாடிக்கு அடியால் வரும் குளிர்

எமது பகுதியில் நாற்பது வருடங்களாகக் கிணறும் வீடும் கட்டிவந்த மேசன் ஒருவர், ரொறன்ரோவில் மகளுடன் ஒரு பனிக்காலத்தையும் ஒரு கோடையையும் கழித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். திரும்பிய கையோடு ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்தார். கொப்பி நிறைய ஒரு வீட்டின் படங்கள், அளவுகள், அம்புக்குறிகள். "இதை நீங்கள் எழுதவேணும். எங்கட பிள்ளையள் அங்கை காசைக் காற்றிலை விடுகினம்" என்றார்.

கிராமிய அபிவிருத்தி பற்றி எழுதும் இப்பக்கங்களில் கனடா வீட்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் யோசித்தோம். ஆனால் எமது கிராமங்களில் நிற்கும் கல்வீடுகளிற் பல, அந்தக் குளிர்வீடுகளிலிருந்து வந்த பணத்தில் எழுந்தவை. அங்கு ஒரு குடும்பம் பனிக்காலத்தில் ஹீற்றருக்குக் கட்டும் பணத்தின் அளவைத் தொலைபேசியில் கேட்டுப் பெருமூச்சு விடாத பெற்றோர் எம்மிடையே குறைவு. மேலும், மேசன் கொண்டுவந்த விடயம் கனடாவில் பிறந்த பொறியியலாளரும் தச்சரும்கூட நெடுங்காலம் தவறாக விளங்கிக்கொண்ட ஒன்று. எனவே அவரது கொப்பியையும், நாம் தேடி வாசித்தவற்றையும் சேர்த்து இதனை எழுதுகிறோம்.

இழுப்பறையைப் போன்ற மாடி

மகளின் வீடு இரண்டு தட்டு. வீதிப் பக்கமாக மேல்தட்டு, கீழ்ச் சுவரைத் தாண்டி 2 அடி வெளியே நீண்டிருக்கிறது. மேசையின் இழுப்பறையைச் சற்று வெளியே இழுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த இரண்டு அடிக்குக் கீழே அறையுமில்லை, சுவருமில்லை, வெறும் வெளி. இதனை நாம் இங்கே 'நீட்டல்' என்று அழைப்போம்.

இவ்வாறு மாடியை வெளியே நீட்டிக் கட்டுவது பழைய வழக்கம். இங்கிலாந்தின் யோர்க் நகரில் 'ஷாம்பிள்ஸ்' என்னும் ஒடுங்கிய தெருவில், இருபுறமும் மரவீடுகளின் மாடிகள் ஒன்றையொன்று தொடுவன போலத் தலைநீட்டி நிற்கின்றன. அங்கிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவுக்கும் இவ்வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். மாசசூசெற்ஸ் மாநிலத்தின் ரொப்ஸ்பீல்ட் என்னும் ஊரில் 1683இல் கட்டப்பட்ட பார்சன் கேப்பன் வீடு அத்தகைய மாடியுடன் இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டில் வீடுகளை வரிசையாகக் கட்டி விற்றவர்களுக்கும் இந்த அமைப்புப் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது. அத்திவாரம் சிறியது, மாடியறை பெரியது. ஒரு அடி அத்திவாரமும் கூடப் போடாமல் 24 அடி நீள வீட்டில் 48 சதுர அடி இடம் கிடைத்துவிடுகிறது.

எமது நாட்டில் மாடி என்றால் கொங்கிறீற் தட்டு. அங்கு அப்படியல்ல. கீழ்ச் சுவரின் மேல் மரத் தீராந்திகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக அடுக்கி, மேலே பிளைவூட் பலகை அடித்துத் தளமாக்குகிறார்கள். கீழே சீலிங் பலகை வருகிறது. தீராந்தியின் உயரம் பெயரளவில் 10 அங்குலம், அளந்தால் 9¼. நீட்டல் வேண்டுமானால் அதே தீராந்திகளைச் சுவருக்கு வெளியே 2 அடி நீளவிட்டு, நுனியில் ஒரு குறுக்குப் பலகை அடித்து, அடியை அலுமினியத் தகட்டால் மூடிவிடுகிறார்கள்.

இரண்டு தீராந்திகளுக்கு இடையில் உள்ள வெற்றிடம், வெளி நுனியிலிருந்து வீட்டின் நடுப்பகுதி வரை ஒரே நீளமாக ஓடும் சுரங்கம். மேசனின் மகள் வீட்டில் இப்படி 18 சுரங்கங்கள் இருந்தன. கீழ்ச் சுவரின் மேல் இந்தச் சுரங்கங்களை அடைக்க எதுவும் வைக்கப்படவில்லை. வாசகர்கள் இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

பஞ்சு இருந்தும் ஏன் குளிர்ந்தது?

ரொறன்ரோவில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாகப் பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். சில இரவுகளில் 20 பாகை கீழேயும் இறங்கும். வீட்டினுள்ளே 20, 21 பாகை வைத்துக்கொள்ள வேண்டும். நீட்டலின் மேல் அமைந்திருந்த பிள்ளைகளின் அறை மட்டும் எவ்வளவு எரித்தாலும் சூடேறவில்லை. தரையில் கால் வைக்க முடியாது. இரண்டு பிள்ளைகளும் பனிக்காலம் முழுவதும் தாய் தகப்பனின் அறையில் பாய் போட்டுப் படுத்தார்கள். அறைக்கென்று மின்சார ஹீற்றர் ஒன்று வாங்கி இரவு பகலாக ஓடவிட்டதில் மின்கட்டணம் ஏறியது. முந்திய வருடம் ஒரு ஒப்பந்தகாரரைப் பிடித்து, நீட்டலின் அடியைக் கழற்றி, இருந்த கண்ணாடி நார்ப் பஞ்சுக்கு மேலாக இன்னும் பஞ்சு திணித்து மூடியிருந்தார்கள். காசு போனதுதான் மிச்சம். "பஞ்சு இன்னும் போதாது மாமா" என்பது மருமகனின் முடிவு.

மாமாவுக்கு அது சரியாகப் படவில்லை. அவர் எமக்குச் சொன்ன உதாரணத்தையே இங்கே தருகிறோம். அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர், எவ்வளவு தடித்த கம்பளிச் சட்டை போட்டாலும் நெஞ்சு விறைக்கும். அவரே சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டால் குளிர் பாதியாகிவிடும். செய்தித்தாள் கம்பளியைவிடச் சூடானதா? இல்லை. அது காற்றை மறிக்கிறது, அவ்வளவுதான்.

பாடசாலையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என மூன்று வழிகளில் போகும். அசையாத வளி வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும். அதன் கடத்துதிறன் மீற்றருக்கும் பாகைக்கும் 0.025 வாற்று அளவு. பைன் மரத்துக்கு 0.12, கொங்கிறீற்றுக்கு 1க்கு மேல். நார்ப் பஞ்சு வேலை செய்வது நாரினால் அல்ல. நாருக்கு நடுவே சிக்கிக்கொண்ட வளி அசையாமல் நிற்பதனால்தான் அது வேலை செய்கிறது. அந்த வளியைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டால் பஞ்சு வெறும் வடிகட்டி.

நீட்டலில் நடந்தது இதுவே. வீதிக் காற்று அலுமினியத் தகட்டின் பொருத்துகளால் உள்ளே நுழைந்தது, பஞ்சை ஊடுருவியது, சுவரைத் தாண்டி, அடைப்பில்லாத 18 சுரங்கங்களின் வழியே வீட்டின் நடுவரை சென்றது. அறையின் தரை மட்டுமல்ல, கீழே விறாந்தையின் சீலிங்கும் குளிர்ந்ததன் காரணம் அதுதான்.

இன்னுமொன்று. தரைக்கடியில் வைத்த பஞ்சு காலப்போக்கில் தன் பாரத்தினால் கீழே இறங்கும். தளப்பலகைக்கும் பஞ்சுக்கும் இடையில் ஓர் அங்குலம் விலகினாலும் போதும், அந்த இடுக்கில் குளிர்காற்று ஓடும். பஞ்சு கீழே, குளிர் மேலே, கால் அதற்கும் மேலே! போர்வை கட்டிலுக்கு அடியில் கிடந்தால் படுத்திருப்பவருக்கு என்ன பயன்?

சிறிய இடுக்குத்தானே என்று எண்ண வேண்டாம். மேசன் கொப்பியில் போட்டிருந்த கணக்கு இது: குறுக்குப் பலகைக்கும் தகட்டுக்கும் இடையில் அரைக்கால் அங்குல இடுக்கு 24 அடி நீளத்துக்கு ஓடுகிறது. 24 அடி என்பது 288 அங்குலம். அரைக்காலால் பெருக்கினால் 36 சதுர அங்குலம். அதாவது அரை அடிக்கு அரை அடி ஓட்டையொன்றைச் சுவரில் வெட்டி, பனிக்காலம் முழுவதும் திறந்து வைத்ததற்குச் சமம்.

இதற்கு மேல் முந்திய ஒப்பந்தகாரர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். கூரை இறப்பின் அடியில் பொருத்துவதற்கென்று துளையிட்ட அலுமினியத் தகடு உண்டு. கூரை வெளிக்குள் ஈரம் தங்காமல் காற்றோடுவதற்காக அது துளையிடப்பட்டது. பார்வைக்கு நீட்டலின் அடியும் இறப்பின் அடியும் ஒன்று போலத்தான் இருக்கும். அவர் இதற்கும் அதையே அடித்துவிட்டார். இறப்புக்குக் காற்று வேண்டும். மக்கள் வசிக்கும் அறையின் தரைக்கு அடியில் காற்று வேண்டியதில்லை. ஒரே வீட்டில் ஒரே தகடு ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நோய்.

படித்தவர்களும் பிந்தியே கண்டார்கள்

1973இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோதுதான் குளிர்நாடுகளில் வீட்டு வெப்பம் பற்றிய ஆராய்ச்சி முனைப்புப் பெற்றது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பை பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தினர் அக்காலத்தில் வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். கௌதம் தத் முதலிய ஆய்வாளர்கள் அங்கே ஒரு புதிரைக் கண்டனர். கூரைப் பக்கமாகப் போகும் வெப்பம், பஞ்சின் தடிப்பை வைத்துக் கணக்கிட்டதைவிடப் பல மடங்காக இருந்தது. கணக்கில் பிழையில்லை. சுவர்களுக்குள்ளும் குழாய்களைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத வழிகள் இருந்தன. சூடான வளி பஞ்சைத் தொடாமலே அவற்றால் ஏறிப் போயிற்று. கனடாவில் 1977இல் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட மாதிரி வீடொன்று, பஞ்சோடு காற்றிறுக்கத்தையும் கவனித்தால் சாதாரண உலையே தேவைப்படாத அளவுக்கு வீட்டைச் சூடாக வைத்திருக்கலாம் என்று காட்டியது.

ஆகவே எமது மேசன் தனியே யோசித்துக் கண்டதை உலகம் அறிந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது. 1960களிலும் 70களிலும் கட்டிய வீடுகளில் குடியிருக்கும் எமது உறவினர்கள், அந்த அறிவு பிறக்குமுன் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள்.

நோயைக் கண்டறிதல்

பெரிய கருவி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஒரு பெட்டி ஊதுபத்தி இருந்தது. காற்றடிக்கும் நாளொன்றில் யன்னல்களை எல்லாம் பூட்டி, சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள விசிறிகளை ஓடவிட்டார். விசிறி உள்வளியை வெளியே தள்ளும்போது, வெளிவளி எந்த இடுக்கால் நுழைய முடியுமோ அதனால் நுழையும். சுவரும் தரையும் சேரும் மூலைப் பலகையின் ஓரமாக ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நேராக எழுந்த புகை, நீட்டலின் மேலுள்ள சுவரோரத்தில் அறையின் உட்பக்கமாகச் சாய்ந்தது. மின்சுவிச்சுப் பெட்டியருகிலும் அப்படியே.

இதனைச் செய்வோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காஸ் உலையும் காஸ் நீர்ச்சூடாக்கியும் அவ்வேளை நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைபோக்கியால் வெளியேற வேண்டிய நச்சுப்புகையை அதே விசிறிகள் வீட்டுக்குள் இழுத்துவிடும்.

இரண்டாவது அடையாளம் கம்பளத்தில் இருந்தது. சுவரோரமாக, விரலகலத்தில் கறுத்த கோடு. மகள் எத்தனையோ முறை தேய்த்துக் கழுவியும் போகவில்லை. அது ஊத்தை மிதித்து வந்ததல்ல. இடுக்கால் வரும் காற்றிலுள்ள தூசியைக் கம்பளம் வடிகட்டிப் பிடித்த அடையாளம்.

மூன்றாவது, அடித்தகட்டைக் கழற்றியபோது தெரிந்தது. மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டிய பஞ்சு ஆங்காங்கே கரிபிடித்தாற்போல் கறுத்திருந்தது. காற்று எவ்வழியால் போனது என்பதைப் பஞ்சே எழுதி வைத்திருந்தது. "அது எனக்குப் பிளான் கீறித் தந்தமாதிரி" என்றார் மேசன். பழைய பஞ்சைக் கழற்றியவுடன் குப்பையில் எறியாமல், முதலில் கறுத்த இடங்களைக் குறித்துக்கொள்ளும்படி அவர் சொல்கிறார். நாமும் அதனை வலியுறுத்துகிறோம்.

பஞ்சின் அடிப்பக்கம் சில இடங்களில் ஈரமாகவும், ஒரு தீராந்தியின் நுனி மெதுவாகவும் இருந்தன. குளிர் உள்ளே வருவதைப் போலவே சூடான வளி வெளியேயும் போகும். மனிதர் மூச்சு விடுவதாலும் சமைப்பதாலும் குளிப்பதாலும் அந்த வளியில் நீராவி இருக்கும். குளிர்ந்த தகட்டில் பட்டதும் அது ஒடுங்கி நீராகி, உறைபனியாகப் படியும். வெயில் எறித்ததும் உருகிச் சொட்டும். மழையில்லாத நாளில் நீட்டலின் அடியிலிருந்து நீர் சொட்டினால் காரணம் பெரும்பாலும் இதுவே. பலகையை ஊடுருவிப் போகும் ஈரத்தைவிட இடுக்கால் காற்றோடு போகும் ஈரம் பல மடங்கு. மரம் உக்குவதற்கும் பூஞ்சணம் பிடிப்பதற்கும் அது போதும்.

செய்த வேலை

ஓகஸ்ட் மாதத்தில் வேலை தொடங்கியது. பசைகளும் நுரைகளும் குளிரில் ஒட்டா. எனவே கோடையே தகுந்த காலம். அடித்தகடு முழுவதும் கழற்றப்பட்டது. உக்கிய தீராந்தி நுனிக்குப் பக்கத்தில் புதிய மரம் இணைத்துப் பலப்படுத்தினார்கள். நீட்டலின் பாரம் முழுவதும் தீராந்திகளில்தான் தங்கியிருக்கிறது. ஆகையால் உக்கல் ஆழமாக இருப்பின் பொறியியலாளரைக் காட்டாமல் கை வைக்கக் கூடாது.

முதல் வேலை அடைப்பு. கீழ்ச் சுவருக்கு நேர்மேலே ஒவ்வொரு சுரங்கத்தினுள்ளும் ஒரு துண்டு ரெஜிபோம் பலகை நிறுத்தப்பட்டது. மன்னாரிலும் நீர்கொழும்பிலும் மீன்பெட்டிக்குப் பயன்படும் வெள்ளைச் சாமான்தான். அங்கே இதைவிட இறுக்கமான, நிறம் போட்ட பலகைகள் விற்கிறார்கள். 14½ அங்குல இடைவெளிக்கு அதைச் சற்றுச் சிறிதாக வெட்டி, நான்கு ஓரமும் டின்னில் வரும் நுரையால் நிரப்பினார்கள். இறுக்கமாக வெட்டித் திணிப்பதே நல்லது என்று மருமகன் நினைத்தாராம். அது தவறு. மரம் நேராக இராது. இறுக்கித் திணித்த துண்டின் ஒரு மூலையில் கட்டாயம் இடுக்கு நிற்கும். கால் அங்குலம் விட்டு வெட்டினால் நுரை உள்ளே போய்ப் பொங்கி நிரப்பும். 18 துண்டுகள் வைக்க இரண்டு நாட்கள் பிடித்தன. இதுவே முழு வேலையின் உயிர்.

நுரை என்றதும் கனடாவில் வயதானவர்கள் சற்று முகம் சுளிப்பார்கள். சுவருக்குள் ஊற்றிய யூரியா போமல்டிகைட்டு நுரையை அந்நாட்டு அரசு 1980இல் தடைசெய்தது. வீட்டின் பெறுமதியே விழுந்துபோனவர்கள் இருந்தனர். இப்போது டின்னில் விற்பது வேறு வகை. ஆயினும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

பின்னர் நுனிப் பலகையின் ஓரங்கள், தளப்பலகையின் பொருத்துகள், வயர் போகும் துளைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பூசி அடைக்கப்பட்டன. அதன் பின்னரே பஞ்சு. அது தளப்பலகையை முட்டும்படி, சுரங்கத்தின் முழு உயரத்துக்கும், நசுக்காமல் வைக்கப்பட்டது. நசுக்கினால் வளி போய்விடும்; வளி போனால் பஞ்சின் வேலையும் போய்விடும். இறங்காமலிருக்கக் கம்பித் துண்டுகள் குறுக்கே மாட்டப்பட்டன. 9¼ அங்குல நார்ப் பஞ்சு, அவர்களது அளவில் ஏறக்குறைய ஆர்-30 ஆகும். இந்த 'ஆர்' என்பது வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலின் அளவு, கூடினால் நல்லது.

பஞ்சு நிரப்பினாலும் தீராந்தி மரத்தினூடாக வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். எனவே தீராந்திகளுக்குக் கீழே 2 அங்குல ரெஜிபோம் பலகையை முழு நீளத்துக்கும் விரித்து, பொருத்துகளை ரேப்பால் ஒட்டி, ஓரங்களை நுரையால் அடைத்தார்கள். காற்று மறிப்பும் மரத்தின் மேல் போர்வையும் ஒரே பலகையில் கிடைத்தன. கடைசியாகத் துளையில்லாத அலுமினியத் தகடு.

மருமகன் இடையில் ஒரு யோசனை சொன்னார்: பலகைக்குப் பதிலாகப் பொலித்தீன் விரித்தால் மலிவு அல்லவா? மாமா மறுத்துவிட்டார். நாமும் விசாரித்துப் பார்த்தோம். அவர் மறுத்தது சரி. நீராவித் தடுப்பு எப்போதும் சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கத்தில் பொலித்தீன் விரித்தால் உள்ளிருந்து வரும் ஈரம் அதன்மேல் நீராகித் தேங்கும். அது மரத்தைத் தொட்டியில் ஊறப்போட்டதற்குச் சமம். தடித்த ரெஜிபோமின் உட்புறம் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால் அங்கு ஈரம் படிவது குறைவு.

குளியலறைப் பக்கத்துச் சுரங்கத்தில் மட்டும் முறை மாறியது. அதனுள்ளே நீர்க்குழாய் போயிற்று. முந்திய சனவரியில் அது உறைந்து வெடித்து, கீழ் விறாந்தையின் சீலிங் விழுந்திருந்தது. நீர் உறையும்போது கனவளவு ஏறக்குறைய 9 வீதம் கூடுகிறது. அதைத் தாங்கும் குழாய் அரிது. முன்னர் திருத்தியவர் குழாயைச் சுற்றிப் பஞ்சைப் பொதிந்து வைத்திருந்தார். அதனால் வீட்டின் சூடு குழாயை அணுக வழியில்லாமல் போயிற்று. பஞ்சு சூட்டை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காக்க மட்டுமே செய்யும். ஆகவே அந்தச் சுரங்கத்தில் சுவருக்கு மேலான அடைப்பை வைக்காமல், குழாயின் மேற்புறத்தை வெறுமையாக விட்டு, குழாய்க்குக் கீழும் வெளி நுனியிலும் மட்டும் தடித்த பலகையை இறுக்கி வைத்தார்கள். வீட்டின் சூடான வளி சுரங்கத்தினூடாகக் குழாயைச் சூழ்ந்து நிற்கும். குளிர் கீழே தங்கிவிடும். 18 சுரங்கங்களையும் இப்படியே செய்யலாம் என்பாரும் உண்டு. தரை இன்னும் இதமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அடியில் ஒரு சிறு இடுக்கு விட்டாலும் குளிர் மறுபடியும் வீட்டின் நடுவரை போய்விடும். கை தேர்ந்தவர்களுக்கே அது உகந்தது.

கராஜின் மேல் அறை

பக்கத்து வீட்டார் இந்த வேலையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கராஜின் மேலுள்ள அறையையும் காட்டினார்கள். அதுவும் அடியில் சூடில்லாத தரைதான். 2 அடிக்குப் பதில் 20 அடி. முறையும் ஒன்றே. ஆனால் அங்கே போவது குளிர் மட்டுமல்ல. காரை இயக்கிச் சூடாக்கும்போது எழும் காபனோரொட்சைட்டு, அதே இடுக்குகளால் மேலே படுத்திருப்பவர்களிடம் போகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஒட்சிசனுக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், காஸ் அடுப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரே குடும்பத்தின் நால்வர் இந்த வாயுவால் இறந்தார்கள். அதனை அடுத்து 2013இல் அம்மாகாணம் சட்டமொன்றை நிறைவேற்றியது. எரிபொருள் அடுப்போ வீட்டோடு சேர்ந்த கராஜோ உள்ள வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகே இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருக்க வேண்டும். வாசகர்கள் அடுத்த தடவை தொலைபேசியில் பேசும்போது, "கராஜுக்கு மேலே யார் படுக்கிறது? அந்த மணிக்கு பற்றறி மாற்றினீர்களா?" என்று கேட்பது வீண்பேச்சாகாது.

இதே எச்சரிக்கை எமது மலைநாட்டுக்கும் உரியது. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி இரவுகளில் துகள்பனி விழுகிறது. சரிவில் தூண்மேல் நிற்கும் பலகைத் தரை அறைகளின் அடியால் காற்றடிப்பதும் உண்டு. பலகை இடுக்குகளை அடைப்பது நல்லது. ஆனால் உள்ளே விறகடுப்போ கரிச்சட்டியோ எரியும் அறையைப் புகைபோக்கியில்லாமல் இறுக்கி அடைக்கவே கூடாது. அடுப்பை வெளியேற்றிய பின்னரே அடைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மேசன் புரட்டாதியில் ஊர் திரும்பினார். பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் மகள் தொலைபேசியில் பேசியதை அவர் எமக்குச் சொன்னார். பிள்ளைகள் தங்கள் அறையில் படுக்கிறார்கள். மின்சார ஹீற்றர் பெட்டிக்குள் போய்விட்டது. சின்னவன் காலுறை போடாமல் தரையில் இருந்து விளையாடுகிறான். ஆனால் வடக்கு மூலையில், மூலைப் பலகையின் அருகே, ஒரு சாண் அளவுக்கு இன்னும் குளிர்கிறதாம். ஊதுபத்திப் புகை அங்கே சாய்கிறதாம்.

அவர் கொப்பியைத் திறந்து எமக்குப் படத்தைக் காட்டினார். பதினெட்டாவது சுரங்கம் பக்கச் சுவரைச் சேரும் இடம். அங்கே கை போகாததால் நுரை முழுவதும் போய்ச் சேரவில்லை என்று வேலை நடந்த அன்றே சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வருகிற ஓகஸ்டில் அந்த ஒரு தகட்டை மட்டும் கழற்றச் சொல்லி மகளுக்கு அறிவித்திருக்கிறார்.